அங்க்தில் காணாத வாக்குச்சீட்டு

மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் அரசு அலுவல் என்றால் பல வேளைகளில் எம்மானுவேல் அங்க்தில் கட்டடத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. சென்ற வாரம் உடன் வந்த என் அக்காள் மகன், வாசலில் பெயரைப் படித்துவிட்டு, "யார் மாமா இவர்?" என்று கேட்டான். வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது.

1885இல் மொரிஷியஸில் பிறந்து, கடலோடியாகப் புறப்பட்டு, பிரிட்டனில் நெடுங்காலம் வாழ்ந்து, அங்கே தொழிற்சங்க வேலையைக் கற்றுக்கொண்டு அங்க்தில் ஊர் திரும்பியது 1936இல். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் மருத்துவர் மொரிஸ் குரே தொழிற்கட்சியைத் தொடங்கியிருந்தார். 1937 ஆகஸ்டில், சிறு விவசாயிகள் பயிரிட்ட ஊபா என்ற கரும்பு வகையின் விலையை ஆலைகள் 15 விழுக்காடு குறைத்ததால் கிளர்ச்சி மூண்டு, யூனியன் ஃபிளாக் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன பிறகே, 1938இல் தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்டம் இடம் தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆளுநர் பீட் கிளிஃபோர்ட் அங்க்திலைக் கப்பலேற்றி ரோட்ரிக்ஸ் தீவுக்கு நாடுகடத்தினார். திரும்பி வந்தவர் 1941இல் கட்சித் தலைமையை ஏற்றார்.

மொரிஷியஸ் தமிழரான நம்மவரில் பலருக்கு அவர் துறைமுகத்து கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவழி) மக்களின் தலைவர் மட்டுமே. நம் நெஞ்சில் நிற்பவள் அஞ்சலை. 1943 செப்டம்பர் 27இல் பெல் வியூ ஹரெல் கரும்புத் தோட்டத்தில் தொழிலாளர் போராட்டத்தின்போது, வயிற்றுப் பிள்ளையோடு போலீஸ் குண்டுக்கு இரையானவள். அந்தப் போராட்டத்தை அங்க்தில் நடத்தவில்லை. ஆயினும் துறைமுகமும் கரும்புக்காடும் கேட்டது ஒன்றையே என்பதும், அந்த இரண்டும் ஒரே வாக்குப்பெட்டியில் வந்து சேர்ந்தன என்பதும் என் உறுதியான எண்ணம்.

1947இன் அரசியலமைப்பு, சொத்தில்லாதவரும் தம் மொழியில் எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் வாக்களிக்கலாம் என்றது; அம்மொழிகளில் தமிழும் இருந்தது. 12,000க்கும் குறைவாக இருந்த வாக்காளர் தொகை 70,000ஐத் தாண்டியது. கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய விரல்களால் என் பாட்டி இரவுதோறும் கோவில் மண்டபத்தில் சிலேட்டில் எழுதிப் பழகினாராம். 'ர', 'ற' இரண்டும் குழம்பும். எச்சில் தொட்டு அழித்துவிட்டு மீண்டும் எழுதுவாராம். 1948 ஆகஸ்டில் வாக்களித்துவிட்டு வந்த அன்று, வழக்கமாக அந்தியில் ஏற்றும் விளக்கைப் பட்டப்பகலிலேயே ஏற்றினார் என்று அம்மா சொல்வார்.

அங்க்தில் அதைக் காணவில்லை. 1946 கிறிஸ்துமஸ் நாளன்றே அவர் கண்மூடிவிட்டார்.