தைபேயில் அரசியல் படிக்க வந்தவன்

தைவானுக்கு விசா வாங்கும்போதே பாடம் ஆரம்பித்துவிடுகிறது. இந்தியாவில் தைவானுக்குத் தூதரகம் கிடையாது. சென்னையில் நான் போன அலுவலகத்தின் பெயர் தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையம். 2012இல் திறந்தது. தைபேயில் நம் நாட்டுக்கு இருப்பது இந்தியா-தைபே சங்கம், 1995 முதல். இரண்டு பெயர்ப் பலகையிலும் 'தைவான்' இல்லை. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் பெய்ஜிங்குக்கு உறுத்தாமல் வேலை நடக்க வேண்டுமே!

கிழக்காசிய அரசியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காக 2023 செப்டம்பரில் வந்தேன். நகரின் தெற்கு ஓரம், முசா பகுதியில் அறை. பின்னால் மாவ்கொங் தேயிலை மலை. பார்க்க அழகுதான், ஆனால் குளிர்காலம் முழுக்கத் தூறல், துணி காயாது. சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தட்டில் வேண்டியதை எடுத்து, எடை போட்டுக் காசு கொடுக்கும் கடைகள் நிறைய. பௌத்த வழக்கப்படி வெங்காயம், பூண்டு மட்டும் சேர்க்கமாட்டார்கள். பூண்டு ரசம் வேண்டுமென்றால் நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாடகைப் பத்திரத்தில் ஆண்டு 112 என்று இருந்தது. சீனக் குடியரசு பிறந்த 1912தான் இவர்களுக்கு முதலாம் ஆண்டு. அந்தக் குடியரசின் அரசு 1949இல் சீனப் பெருநிலத்தைக் கம்யூனிஸ்டுகளிடம் இழந்து இந்தத் தீவுக்கு வந்தது, 1971இல் ஐ.நா. இருக்கையும் போனது. ஆண்டுக் கணக்கு மட்டும் நிற்கவில்லை.

ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் முதல் கேள்வியே, "அங்க சண்டை வரப்போகுதாமே, பேசாம வந்துடேன்டா" என்பதுதான். இங்கே சாயங்காலம் பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வரும். எல்லோரும் பையோடு தெருவில் நிற்போம். அங்கே நான் கேட்ட பேச்செல்லாம் வீட்டு விலை, சம்பளம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஏவுகணை பற்றிப் பேசுபவர்கள் எங்கள் துறையில்தான் அதிகம்.

2024 ஜனவரி 13, அதிபர் தேர்தல். தபால் வாக்கு கிடையாது. குடும்பப் பதிவு எந்த ஊரிலோ அங்கே போய்த்தான் போட வேண்டும். விடுதியில் பாதிப் பேர் ரயிலேறிவிட்டார்கள். மாலை 4 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும், பக்கத்துப் பள்ளியில் எண்ணுவதைப் பார்க்கப் போனேன். அடடா! ஒருவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து உயர்த்திக் காட்டி வேட்பாளர் எண்ணைச் சத்தமாகச் சொல்கிறார். இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு இழுக்கிறார்; ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து. யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். வாக்கு இயந்திரத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்குக் கால் வலித்தும் நகர மனமில்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். 1949 முதல் 1987 வரை இங்கே ராணுவச் சட்டம். மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்ததே 1996இல்தான். அப்போது சீனா தீவை ஒட்டிய கடலில் ஏவுகணைகளை வீசிப் பார்த்தது.

அன்றிரவே முடிவு வந்துவிட்டது. சுமார் 40 சதவீத வாக்கோடு ஆளுங்கட்சியின் லாய் சிங்-தே வென்றார். ஆனால் நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு 51 இடம், எதிர்க்கட்சியான குவோமின்டாங்குக்கு 52, மூன்றாவது கட்சிக்கு 8. வெளிநாட்டுச் செய்திகள் பெரும்பாலும் பெய்ஜிங் என்ன சொல்லும் என்பதிலேயே நின்றன. எனக்கு அந்த 8 இடம்தான் முக்கியமாகப் பட்டது. பாதுகாப்புச் செலவு உட்பட எந்த பட்ஜெட்டும் இனி அவர்களைத் தாண்டித்தானே போக வேண்டும்?

வல்லரசுகளுக்கு இடையில் தைவான் என்று எழுதி வைத்திருந்த ஆய்வுத் திட்டத்தை ஓரம் கட்டிவிட்டு, நாடாளுமன்றச் சண்டைகள் பாதுகாப்பு பட்ஜெட்டை எப்படி மாற்றுகின்றன என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் சரி என்றார். நாடாளுமன்ற அறிக்கைகளைச் சீனத்திலேயே படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது வாரநாள் காலையெல்லாம் மொழி வகுப்பில் போகிறது.