மண் எங்கே போகிறது?

எங்கள் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலிருந்து டெண்டருக்குப் போகும் அளவுப் பட்டியலில் (கட்டிடத்தின் ஒவ்வொரு வேலையையும் அதன் அளவையும் வரிவரியாகச் சொல்லும் பட்டியல்) சுவர் பெயிண்டுக்கு எந்த கம்பெனி, எத்தனை கோட்டிங் என்பதுவரை எழுதியிருக்கும். மண் வேலைக்கான வரி மட்டும் ‘தோண்டிய மண்ணை மனைக்கு வெளியே அப்புறப்படுத்துவது உட்பட’ என்று முடிந்துவிடும். வெளியே என்றால் எங்கே? சென்னையில் நான் வரைந்த, பார்த்த பட்டியல்களில் அதற்கு இடமே இருந்ததில்லை.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கிரவுண்டு மனை, 4,800 சதுர அடி. அதில் 4,000 சதுர அடிக்கு, 12 அடி ஆழத்தில், கார் நிறுத்த ஒரு பேஸ்மெண்ட். மொத்தம் 48,000 கன அடி. லாரிக்காரர் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட்; ஆக 480 யூனிட். தோண்டிய மண் உப்பும் என்பதால் 600 என்றே வைத்துக்கொள்வோம். நான்கு யூனிட் டிப்பரில் 150 நடை. அத்தனையும் ராத்திரியோடு ராத்திரியாகத் தாழ்வான இடம் தேடிப் போகும். இந்த ஊரில் தாழ்வான இடம் என்றால் பெரும்பாலும் ஏரிக்கரை, கழுவெளி, மழைத்தண்ணீர் வடிகிற பள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பள்ளிக்கரணை சதுப்புநிலம் சுருங்கிப்போனதைப் பற்றி எங்கள் கூட்டங்களில் நிறையப் பேசினோம். 2022-இல் அது ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது சந்தோஷப்பட்டோம். நம் சைட் மண் எந்தப் பள்ளத்தை மூடியது என்ற பேச்சு மட்டும் அந்தக் கூட்டங்களில் வரவில்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் வேடிக்கை. பெசன்ட் நகர் பக்கம் பேஸ்மெண்ட் தோண்டினால் சீக்கிரமே ஊற்று வந்துவிடும். அடித்தளம் போட்டு முடியும்வரை இரவு பகலாக மோட்டார் ஓடி, நல்ல தண்ணீர் மழைநீர் வடிகாலில் போகும். அதே வரைபடத்தின் மூலையில் மழைநீர் சேகரிப்புக் குழி அழகாக வரைந்திருக்கும். 2003-லிருந்து அது கட்டாயம் ஆயிற்றே!

பழைய வீட்டை இடிக்க வருபவர்தான் உண்மையில் கெட்டிக்காரர். தேக்குக் கதவு, ஜன்னல், கம்பி, உடையாத செங்கல் எல்லாவற்றையும் விலைபேசி, வீட்டுக்காரருக்குப் பணமும் கொடுத்துவிட்டு எடுத்துப்போவார். நாங்கள் அந்த மனையில் புதிதாக வாங்கிவைக்கும் பொருளுக்குத்தான் பசுமைச் சான்று தேடுகிறோம்.

எங்கள் கட்டணமும் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் வருகிறது. கான்கிரீட்டைக் குறைத்தால் கட்டணமும் குறையும். கான்கிரீட்டுக்கு சிமென்ட் வேண்டும்; சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால்தான் சிமென்ட். எரிபொருளை மாற்றினாலும் கல்லிலிருந்து கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு நிற்காது. ஆகவே கான்கிரீட்டைக் குறைக்க பேஸ்மெண்ட் வேண்டாம் என்று சொல்லும் ஆர்க்கிடெக்ட் தன் கையைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். இதை நாங்கள் வெளியே பேசுவதில்லை.

சமீபத்தில் ஒரு பட்டியலில் அந்த வரியை மாற்றி எழுதினேன்: மண் கொட்டும் இடம், அந்த இடத்துக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம், தூரம். கான்ட்ராக்டர் போனில் சிரித்தார். “சார், இதெல்லாம் கேட்டா ரேட் ஏறும்.” ஏறத்தான் செய்தது. உரிமையாளர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேஸ்மெண்டை விட்டுவிட்டு, வீட்டைத் தூண்கள் மேல் தூக்கி அடியில் கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங் போட்டுவிடலாமா என்று கேட்டார். சரி என்றேன். சுற்றுச்சூழல் என்ற பேச்சையே இருவரும் எடுக்கவில்லை.