வெளிச்சுவரில் இறங்கும் கறுப்புக் கோடுகள்

மதுரையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், எங்கள் பகுதி வீடுகளின் சன்ஷேடுக்குக் கீழே கறுப்புக் கோடுகள் இறங்கியிருப்பதைக் காணலாம். பெயிண்டைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு நீர் வழியும் பாதையில் இருக்கிறது. சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, பூச்சு வேலையின்போதே நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளம்) எடுத்துவிட்டால், மழைநீர் சுவர் வரை ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேற்பரப்பை உட்பக்கமாகச் சரித்தால், அதில் படிந்த புழுதி தெருப்பக்கம் வழியாது. இதைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேட்காமல் செய்பவர்கள் குறைவு.

படிந்துவிட்ட கறுப்பு பெரும்பாலும் பாசியே. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தடவி, சற்று ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவலாம். அதனுடன் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டு அடைத்து, சுவர் நன்கு காய்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும்.