புகையிலையை விட்டாச்சு, வெறும் சீவல்தான்

"புகையிலையெல்லாம் விட்டாச்சு தம்பி, இப்ப வெறும் வெற்றிலை சீவல்தான்." கும்பகோணம், பாபநாசம் பக்கம் இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. கேட்கிற நாமும் நல்லதுதான் என்று தலையாட்டிவிடுகிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், ஏன், வெறும் பாக்கையும்கூட, புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சிகரெட் இருக்கும் அதே பட்டியல்தான்.

2022-க்கான மதிப்பீட்டில் உலகம் முழுக்கப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 3,90,000 பேர், அதில் ஏறக்குறைய 1,44,000 பேர் நம் நாட்டுக்காரர்கள். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம்.

சரி, நம் டெல்டாவில் எப்படி? ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. பாதிப்பேர் அடையாறு, திருச்சி என்று போய்விடுகிறார்கள். அங்கே சிகிச்சை எடுத்தாலும் கணக்கு அவர் குடியிருக்கும் ஊரில்தான் விழ வேண்டும். அதற்குத்தான், குடியிருக்கும் ஊரை வைத்துப் புற்றுநோய் வந்தவர்களைக் கணக்கெடுக்கும் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு. சென்னையில் 1982 முதல் இருக்கிறது, மாநிலம் முழுக்க என்று 2012-ல்தான் தொடங்கினார்கள். அதிலும் லட்சம் பேருக்கு எத்தனை என்று வயதைச் சரிக்கட்டித்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் இளவட்டமெல்லாம் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட, வயசானவர்கள் மட்டும் இருக்கிற ஊரில் எந்தப் புற்றுநோயும் கூடுதலாகத்தான் தெரியும்.

பாக்கு வாய்க்குள் செய்கிற வேலை புகையிலை மாதிரி இல்லை, வேறு மாதிரி. அதிலுள்ள அரிகோலின் என்ற ரசாயனம் கன்னத்தின் உள்தோலுக்கு அடியிலிருக்கும் திசுவை நாராக இறுக்குகிறது. முதலில் காரம் தாங்காது, அப்புறம் வாய் முழுசாகத் திறக்காது, இறுகினது பழையபடி இளகுவதுமில்லை. அதில் சிலருக்குப் புற்றாகிறது. நம்மூரில் கட்டி பெரும்பாலும் கன்னத்தின் உட்புறம், ஈறு ஓரம் என்று வெற்றிலையை அதக்கி வைக்கும் இடத்திலேயே வருவதும் அதனால்தான். நடவுக்குப் போகும் பெண்கள் பசி தெரியாமலிருக்க நாளெல்லாம் அதக்குகிறார்கள். அவர்களிடம் விடு என்று சொல்வதற்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது என் கட்சி.

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வரும் நோய் இது, ஆனாலும் முற்றின பிறகுதான் வருகிறார்கள், ஆரம்பத்தில் வலிக்காதே! திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியிட்டார்கள். வெறும் கண்ணால் பார்த்ததுதான், பெரிய மெஷின் எதுவும் இல்லை.

அதனால் உங்கள் வீட்டு அப்பாயியோ தாத்தாவோ வெற்றிலை போடுபவர் என்றால், செல்போன் லைட்டை அடித்து வாய்க்குள் ஒருமுறை பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், எது இருந்தாலும் பக்கத்திலுள்ள பல் டாக்டரிடமே காட்டலாம். வீட்டுப் பெரியவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.