அப்ப, கறுப்பு நாங்கதானா?

ஆட்டோ அண்ணன் என்னிடம் அப்படிக் கேட்டது 2020 ஏப்ரலில். நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு கொரோனா ஊரடங்கு போட்டதும் கண்டி டவுன் அடங்கிப்போனது. காற்று மாதிரி எடுக்கும் வேலையை மட்டும் நிறுத்தவில்லை. வடிதாள் மாற்ற நான் போய்வருவதற்கு வாடகை வண்டி ஒன்றுக்குப் பாஸ் எடுத்துத் தந்தார்கள். அந்த வண்டிதான் அண்ணனுடையது. ஸ்டாண்டில் மற்ற யாருக்கும் ஓட்டமில்லை. அவருக்கும் நான் கூப்பிடும் நாளில்தான் ஓட்டம்.

வேலை இதுதான். மொட்டைமாடியில் ஒரு பம்ப் 24 மணி நேரம் காற்றை இழுக்கும். அதிலுள்ள நுண்துகள் வட்டமான ஒரு வடிதாளில் படியும். தாளைப் போடுமுன் ஒரு தடவை, கழற்றியபின் ஒரு தடவை நிறுப்போம். எடை எவ்வளவு கூடியிருக்கிறதோ அதை, இழுத்த காற்றின் அளவால் வகுக்க வேண்டும். நிறுக்காமலே கண்ணுக்கும் கொஞ்சம் தெரியும். சாதாரண நாளில் கழற்றினால் தாள் பென்சிலால் அழுத்தித் தேய்த்த மாதிரி இருக்கும். கண்டி ஒரு கிண்ணம். சுற்றிவர மலை, நடுவில் வாவி. கொழும்பில் கடற்காற்று வந்து அள்ளிக்கொண்டு போகிற புகை, இங்கே இரவுக் குளிரில் அடியிலேயே தங்கிவிடும்.

அன்றைக்குக் கழற்றிய தாள் வெளிறிக் கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மூடிபோட்ட கண்ணாடித் தட்டில் வைத்துக் கீழே கொண்டுவந்து, "பாருங்க அண்ணே, எவ்வளவு வெள்ளை!" என்று காட்டினேன். பெப்ரவரித் தாளின் படம் போனில் இருந்தது, அதையும் காட்டினேன். பஞ்சாபில் ஜலந்தரிலிருந்து இமயமலை தெரிகிறது என்று எல்லோரும் படம் அனுப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நம்மிடமும் காட்ட ஒன்று இருக்கிறதே என்ற எண்ணம் எனக்கு.

அவர் போனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார்.

"அப்ப, கறுப்பு நாங்கதானா தம்பி?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"இல்ல அண்ணே, டீசல் பஸ்ஸும் லொறியும்தான் கூட. உங்களது ஃபோர் ஸ்ட்ரோக் தானே" என்றேன். "ஓ" என்றார். பேச்சுக்கிடையில் அணைந்துபோயிருந்த ஆட்டோ மூன்றாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது. வழியில் வேறு ஏதோ பேசினோம்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாரமேற்றிய பழைய பஸ் கண்டி ஏற்றங்களில் முதல் கியரில் முனகிக்கொண்டு போகும்போது என்ன கக்கும் என்று பின்னால் போன எல்லோருக்கும் தெரியும். எண்ணெயும் சேர்ந்து எரிந்து கூடப் புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் ஆட்டோ இறக்குமதியை 2008லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அவர் கேட்டது கையிலிருந்த தாளைப் பற்றி. அதைப் பார்த்து நான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது. எத்தனை மைக்ரோகிராம் என்று தாள் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. அதைப் பிரித்தறிய வேறு பரிசோதனை வேண்டும், நாங்கள் அதைச் செய்யவில்லை. அவர் மனசு நோகக்கூடாதென்று சொன்ன பதிலுக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டேன். ஆட்டோவுக்கான லீசிங் கட்டணத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள், தள்ளித்தானே வைத்தார்கள். அரசாங்கத்தின் 5000 ரூபாய் கொடுப்பனவும் அன்றைக்கு அவர் கைக்கு வந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட மனுசனிடம் போய் அந்தத் தாளைக் காட்டியதே பிழை என்று சில நேரம் தோன்றும். காட்டாமல் ஒளித்திருந்தால் மட்டும் என்ன மரியாதை என்றும் தோன்றும்.

இதைவிட உறுத்துவது அடுத்த கிழமை நடந்தது. ஒரு பக்கத்தில் குறிப்பொன்று எழுதித் தரச் சொன்னார் என் மேலதிகாரி. எழுதினேன். வாகனம் நின்றது, காற்று தெளிந்தது. கீழே இன்னொரு பந்தியும் சேர்த்தேன். வடகிழக்குப் பருவக்காற்று ஓயும் காலம் இது, அதனால் இந்தியப் பக்கமிருந்து வரும் தூசு எப்படியும் குறையும். ஏப்ரலில் பின்னேரங்களில் இடிமழை காற்றைக் கழுவிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு எந்த வருடமும் டவுன் வெறிச்சோடித்தான் இருக்கும். ஆகவே பெப்ரவரியோடு ஏப்ரலை ஒப்பிட்டு வித்தியாசம் முழுவதையும் ஊரடங்கின் கணக்கில் எழுதக்கூடாது.

"மழையை எல்லாம் எதுக்கு இழுக்கிற? ஒரு பக்கம் போதும்" என்றார். எடுத்துவிட்டேன்.

அவர் அப்படி ஒன்றும் வற்புறுத்தவில்லை. இரண்டு தடவை பேசியிருந்தால் ஒரு வரியாவது விட்டிருப்பார். நான் பேசவில்லை. எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. வாகனப் புகை கண்டியில் பெரிய பிரச்சினை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைதரசன் ஈரொட்சைட்டு மாதிரியான புகை வாயுக்கள் வாகனம் நின்றால் சட்டென்று இறங்கும் என்று எத்தனையோ நகரங்களில் அப்போதே கண்டிருந்தார்கள். ஆனால், ஆனால் என்று எழுதிக்கொண்டே போனால் படிக்கிறவர் கடைசியில் "ஓ, மழைதானாம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அந்தப் பந்தியை வைப்பேனா? வைப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் எங்கள் நியமமும் ஒரு கூத்துதான். பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத நுண்துகளுக்கு, இலங்கையில் 24 மணி நேரச் சராசரியாகக் கன மீற்றர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் வரை அனுமதி. ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் அப்போது சொன்னது 25, பிறகு 2021இல் அதையும் 15 ஆக்கிவிட்டது. ஒரே தாள் கண்டியில் பாஸ், ஜெனீவாவில் ஃபெயில்.

வெளிறிய தாளை அண்ணனுக்குக் காட்டிய அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை, ஊரடங்கிலும் அம்மா கொழுந்தெடுக்கப் போனார். டவுன் காற்று எவ்வளவு சுத்தம் தெரியுமா என்று தொடங்கினேன். அந்தப் பக்கம் இருமல். விறகு ஈரமாம். "இங்க எப்பயும் போலதான்யா, நீ சாப்பிட்டியா?" என்றார். எங்கள் லயத்து வரிசை வீட்டு அடுப்படியில் கூரைத் தகரத்தின் உட்பக்கம் எப்படியிருக்கும் என்று அங்கே வளர்ந்த எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தப் பம்பை ஒருநாள் அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அது நகரக் காற்றுக்கான திட்டம்.

2022இல் ரோடு திரும்பவும் வெறிச்சோடியது, இந்தத் தடவை பெற்றோல் இல்லாமல். சமையல் கேஸும் இல்லாததால் டவுன் வீடுகளிலும் விறகடுப்பு மூட்டினார்கள். அப்போது நான் அந்த வேலையில் இல்லை. பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் நீண்டு கிடந்த வரிசையில் அண்ணனின் ஆட்டோவைக் கண்டேன். சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தார். தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு கடந்து போனேன். அவர் கண் மூடியிருந்ததா என்று நான் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போதும் எப்போதாவது அவரோடு போவேன். இறங்கும் இடத்தில் மிச்சக் காசு எடுக்கும் முன்பே எஞ்சினை நிறுத்திவிடுவார். "தம்பிட தாள் கறுத்துப்போகும்" என்று சிரிப்பார். ஒரு விஷயம் அவரிடம் இதுவரை சொன்னதில்லை. அந்த ஏப்ரலில் நான் மாடியில் தாள் மாற்றி முடியும்வரை, நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதென்று கீழே எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரே எஞ்சின் அதுதான். அந்த வெளிறிய தாளில் ஓரமாக மெல்லிய சாம்பல் நிறம் கொஞ்சம் இருந்தது.