டிகிரி வாங்கிய பிறகு: என் இ.பி. நாட்குறிப்பு

ஜனவரி 8
கடன் வழக்கில் ஜெயித்து வாங்கிய தீர்ப்பாணையின் (கோர்ட் பேச்சில் 'டிகிரி') சான்றிட்ட நகல் இன்று கைக்கு வந்தது. கடனாளியிடம் புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்த 3 லட்சம், வழக்குச் செலவு, பணம் வரும் நாள் வரை வட்டி, எல்லாம் தெளிவாக இருக்கிறது. சந்தோஷமாக நீட்டினேன். வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவருக்கு எங்க வேலை, எந்த பேங்க்ல கணக்கு, என்ன சொத்து? எழுதிட்டு வாங்க." கோர்ட் தானாகப் போய் வசூலித்துத் தராது. எதை ஜப்தி செய்ய வேண்டும் என்று நாம்தான் காட்ட வேண்டும். தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு (இ.பி.) போட 12 வருட அவகாசம் உண்டு. ஆனால் 2 வருடம் தாண்டினால் முதலில் எதிராளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதற்குள் சொத்து கை மாறிவிட்டால்? தள்ளிப்போடக் கூடாது.

ஜனவரி 27
இ.பி. போட்டாயிற்று. வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் அவர் பெயரில் மனையோ நிலமோ இல்லை. வீட்டுச் சாமான்களையாவது பார்க்கலாம் என்று கோர்ட் ஆளை அனுப்புவதற்கான பேட்டா கட்டினேன்.

பிப்ரவரி 19
ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு கடனாளி வீட்டுக்குப் போனேன். சூரியன் மறைந்த பிறகு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதால் காலையிலேயே கிளம்பிவிட்டோம். அவர் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒதுங்கி நின்றார். கட்டில், படுக்கை, சமையல் பாத்திரம், உடுதுணி எதையும் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 அவற்றுக்கு விலக்கு தருகிறது. மூலையில் ஒரு தையல் மிஷின். ஊசியில் நீல நூல், அடியில் பாதி தைத்த சின்னச் சட்டை. "அது அந்தம்மா தொழில் செய்யறது, கடனும் அவங்களது இல்ல" என்றார் அமீனா. வாசலில் நின்ற வண்டியின் ஆர்.சி. மச்சான் பெயரில் இருந்தது. அமீனா காகிதத்தைத் தொடையில் வைத்து, ஜப்திக்குரிய பொருள் இல்லை என்று எழுதினார். ஏமாற்றம்தான். ஆனாலும் அந்த மிஷினைத் தூக்கி வந்திருந்தால் இன்றிரவு எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

மார்ச் 4
"உள்ளே தள்ளு, பணம் தானா வரும்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். வசதி இருந்தும் தராமல் இழுத்தடிப்பவரைத்தான் அப்படிப் பிடிக்க முடியும். இல்லாமையால் தர முடியாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. அதனால் முதலில் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 41இன்படி சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கேட்டு மனு கொடுத்தோம். உத்தரவை மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறை.

ஏப்ரல் 22
பத்திரம் வந்தது. சம்பளம் 31,000. முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. மாதம் 10,000 பிடிக்கலாம். ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்க முடியும், ஆக 2,40,000. அசலுக்கே பற்றாது. இரவு பழைய ஃபைலைப் புரட்டினேன். அவர் ஒரே ஒரு முறை வட்டிக்குக் கொடுத்த செக்கின் ஜெராக்ஸ்! கணக்கு எண் மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. பத்திரத்தில் அந்தக் கணக்கே இல்லை.

மே 10
கோர்ட் விடுமுறை. இ.பி.யை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 11
சம்பளத்தில் பிடித்த முதல் 10,000 கோர்ட்டுக்கு வந்துவிட்டது. செக் ஜெராக்ஸில் இருந்த அந்த வங்கிக் கணக்கும் ஜப்தியில். சாயங்காலம் அவரே போன் செய்தார். "அண்ணே, பேங்க்கை விட்டுடுங்க, மிச்சத்தைக் கையில தர்றேன்." "தாராளமா தாங்க தம்பி. ஆனா கோர்ட்ல பதிவு பண்ணிடலாம். பதியாத பணத்தை அங்க கணக்குல எடுக்க மாட்டாங்க, நாளைக்கு நீங்கதான் கஷ்டப்படுவீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வர்ற வாய்தாவுக்கு வர்றேண்ணே" என்றார். கோர்ட்டில் இருக்கும் 10,000ஐ எடுக்க செக் மனுவில் கையெழுத்துப் போட்டு வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டேன்.