கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால்

எங்கள் முதல் பனிக்காலத்தில் ஒருநாள் காலை, தெருவோரத்தில் பழைய சமையலறை நாற்காலி ஒன்று தனியாக நின்றிருந்தது. யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டார்கள் என்று நினைத்த என் கணவர், அதைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனார். எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அறுபதைக் கடந்த ஒருவர் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி ஓடி வந்தார். பனியை வாரிக் கொட்டிக் கார் நிறுத்த இடம் செய்தவர், வெளியே போகும்போது அங்கே நாற்காலியை வைத்துவிட்டுப் போவாராம். அவர் திரும்பும்வரை அந்த இடம் அவருடையது. சட்டப் புத்தகத்தில் இல்லாத வழக்கம்தான், ஆனாலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் அதை மதிக்கிறார்கள். பஸ் ஜன்னல் வழியே துண்டை எறிந்து இருக்கை பிடிக்கிற ஊரில் வளர்ந்தவள் நான். இந்த நகரத்தில் எனக்கு உடனே புரிந்த முதல் விஷயம் அந்த நாற்காலி.

2008 ஆகஸ்டில் வந்திருந்தோம். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவளுக்கு மலையும் மூன்று ஆறுகளும் சுரங்கப்பாதைகளும் பழகச் சில மாதங்கள் ஆயின. பென் ஹில்ஸ் குன்றின்மேல் இருக்கும் வேங்கடேசுவரர் கோயில் 1976-இலேயே கட்டப்பட்டது என்பதை அறிந்தபோது, நமக்கு முன்னால் வந்தவர்களை நினைத்து மனம் நிறைந்தது. பேச்சுத்தான் சிக்கல். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் 'நீ'க்கும் 'நீங்கள்' என்ற பன்மைக்கும் ஒரே சொல். இந்த ஊர்க்காரர்களோ பலரைச் சேர்த்து விளிக்க 'யின்ஸ்' என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரரை அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எழவில்லை. அப்பா வயதுக்காரரை எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது? இன்றுவரை எதுவும் சொல்லி அழைக்காமலே பேசி வருகிறேன்.

அவரும் அவருடைய அப்பாவும் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் வேலை பார்த்தவர்கள். 1986-இல் ஆலை மூடியது. உடன் வேலை செய்தவர்கள் பிழைப்புத் தேடி வேறு மாநிலங்களுக்குச் சிதறிப் போனார்கள். போன இடமெல்லாம் இந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸையும் மனத்தில் எடுத்துப் போனார்கள் என்று அவர் சொல்வார். அந்த அணியின் தலைக்கவசத்தில் இருக்கிற சின்னமே இரும்புத் தொழிலின் சின்னம். மஞ்சள் நிலக்கரிக்கு, சிவப்பு இரும்புத் தாதுக்கு, நீலம் பழைய இரும்புக்கு.

2009 பிப்ரவரி 1 அன்று, அந்த விளையாட்டின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்தார். நான் வடை சுட்டுக் கொண்டு போனேன். அவர்கள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த, நம் கொழுக்கட்டையைப் போன்ற பியரோகி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் துண்டு. 1975-இல் வானொலி வர்ணனையாளர் மைரன் கோப் தொடங்கிவைத்த பழக்கம் அது. அந்தத் துண்டின் உரிமையை அவர் பின்னாளில், தன் மகன் இருந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். துண்டு விற்கும் பணம் இன்றும் அங்கேதான் போகிறது. இதைக் கேட்டதும் எனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று தோன்றியது.

ஆட்டம் எனக்குப் புரியவில்லை. நூறு கெஜம் நீள மைதானம், பத்துக் கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, எதிரியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு கடந்தால் டச் டவுன். இவ்வளவுதான் தெரியும். முதல் பாதி முடிய 18 விநாடி. ஸ்டீலர்ஸ் 10, அரிசோனா 7. அரிசோனா அணி கோட்டுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. அவர்களின் கர்ட் வார்னர் பந்தை எறிகிறார். அது போய்ச் சேர்ந்தது ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன் கையில்! எறிபவரை நோக்கிப் பாய வேண்டிய மனிதர், பாய்வதுபோலக் காட்டிவிட்டுப் பின்வாங்கிக் கோட்டருகே நின்றிருந்தார். அங்கிருந்து ஓடத் தொடங்கினார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பு, விழுகிறவர்களைத் தாண்டி, மோதுகிறவர்களைத் தள்ளி, மைதானம் முழுக்க, நூறு கெஜம் ஓடி மறுமுனையில் விழுந்தது. கடிகாரத்தில் நேரம் தீர்ந்திருந்தது. கடைசியில் ஸ்டீலர்ஸ் 27-23 என்று வென்றது. அந்த ஓட்டத்தின்போது எதிர்வீட்டுக்காரர் அழுதார். ஆட்டத்துக்காக ஒரு பெரிய மனிதர் அழுது நான் பார்த்தது, எங்கள் ஊர்ப் பொங்கல் கபடியில் மட்டும்தான்.

பிறகு ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. காய்கறி நறுக்கும் மேசையைச் சுற்றி ஆண்டு முழுவதும் ஒரே வழக்கு: சூப்பர் பவுல் வரலாற்றில் தலைசிறந்த தடுப்பு எது? ஹாரிசனைத் தவிர வேறு பெயரைச் சொன்னால் அந்த ஊரில் முகம் மாறும். ஆனாலும் மூத்தவர் ஒருவர், ஸ்டீலர்ஸின் பழைய வீரர் டுவைட் ஒயிட் என்பார். 1975 ஜனவரியில், ஆட்டத்துக்கு முந்தைய நாட்களை நிமோனியாவோடு மருத்துவமனையில் கழித்தவர் ஒயிட். எழுந்து வந்து, மின்னசோட்டா அணிக்காகப் பந்தை எறியும் டார்கென்டனை அவருடைய எல்லைக்குள்ளேயே மடக்கி இரண்டு புள்ளி எடுத்தார். முதல் பாதியில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளிகளே அந்த இரண்டுதான். அன்று முழுக்கப் பந்தோடு ஓடி மின்னசோட்டா முன்னேறிய தூரம் வெறும் 17 கெஜம். "மருத்துவமனையில் வேலை செய்கிற நீங்கள் எல்லாரும் இதற்குத்தான் ஓட்டுப் போட வேண்டும்" என்பார் அவர்.

2015-க்குப் பிறகு வழக்கில் மூன்றாவது கட்சி சேர்ந்தது. பாஸ்டனில் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் பாத்திரப் பிரிவுக்கு வந்தான். அவனுக்கு அவன் ஊர் அணியான நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர்தான் எல்லாம். 2015 பிப்ரவரி 1 அன்று சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. சியாட்டில் கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் முன்னால். ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. முட்டி மோதி ஓட மார்ஷான் லிஞ்ச் இருக்கும்போது பந்தை எறிந்தார்கள். பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். ஏன் எறிந்தார்கள் என்று உலகமே சியாட்டில் பயிற்சியாளரைத் திட்டியது. அவனுக்கு அதில்தான் கோபம். "எதிரி தவறு செய்ததால் கிடைத்தது என்கிறார்கள். பயிற்சியில் இதே உத்தியிடம் பட்லர் தோற்றிருந்தார். அதனால்தான் அன்று தெரிந்தது" என்பான். அது உண்மை. பட்லர் முன்னேற வழி செய்த சக வீரர் பிரௌனரையும் அவன் மறக்கவில்லை. சியாட்டிலில் முன்பு ஆடிய பிரௌனர், எதிரே நின்றவரை அசையவிடாமல் நிறுத்தியதால்தான் பட்லருக்குப் பாதை திறந்தது. அன்று முதல் அவன்மேல் எனக்குத் தனி மதிப்பு.

என் கட்சி எனக்குக் கிடைத்தது தற்செயலாகத்தான். ஓய்வறைத் தொலைக்காட்சியில் பழைய சூப்பர் பவுல் ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2000 ஜனவரி 30, அட்லாண்டா. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 23, டென்னசி டைட்டன்ஸ் 16. டைட்டன்ஸ் பத்துக் கெஜத்தில். ஆறு விநாடி. ஸ்டீவ் மெக்நேர் எறிந்த பந்தை கெவின் டைசன் ஓட்டத்திலேயே வாங்கினார். முன்னே வெற்று நிலம். வேறொருவரைக் காத்துக்கொண்டிருந்த ராம்ஸின் மைக் ஜோன்ஸ் திரும்பிப் பார்த்து, வெட்டித் திரும்பி, டைசனின் கால்களைக் கட்டிக்கொண்டார். டைசன் விழுந்துகொண்டே பந்தைப் பிடித்த கையைக் கோட்டை நோக்கி நீட்டினார். எட்டவில்லை. ஒரு கெஜம்.

கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இந்தக் காட்சியை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் கோடு போட்ட களத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், பாடி வந்தவன் மண்ணில் விழுந்து, மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குக் கையை நீட்டுவான். விரல் நுனி கோட்டில் பட்டால் போதும், அவனைப் பிடித்த அத்தனை பேரும் வெளியே. படாமல் இழுத்து வைக்க வேண்டும். என் அண்ணன் இடது மூலை. கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார். ஒலிபெருக்கியில் பெயர் முழங்குவது பாடப் போகிறவனுக்குத்தான். கோப்பையோடு படம் எடுக்கும்போதும் அவன்தான் நடுவில் நிற்பான். கிழிந்த பனியனும் சிராய்த்த முழங்கையுமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவது என் வேலை.

மறுநாள் மேசையில் ஜோன்ஸ் பெயரைச் சொன்னேன். ஹாரிசன் ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு பாதி ஆட்டம் மிச்சம் இருந்தது. பட்லர் பிடித்த பிறகும் சில விநாடிகள் இருந்தன. ஜோன்ஸ் விட்டிருந்தால் ஆட்டம் சமநிலைக்குப் போயிருக்கும், பிடித்ததால் அங்கேயே முடிந்தது. பந்து அவர் கைக்கு வரவே இல்லை, புள்ளியும் எடுக்கவில்லை. தடுத்தார், அவ்வளவுதான். தடுப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தம் அந்தப் பிடிதான் என்றேன். ஆங்கிலத்தில் நான் இடைவிடாமல் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் முறை. மூவரும் என்மேல் பாய்ந்தார்கள். பேச்சு மாலைவரை நீண்டது.

கல்லூரி முடிக்கும் வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். ஹாரிசன், பட்லர், ஜோன்ஸ் மூவரையும் அந்த முறையில் ஒரு அணியும் எடுக்கவில்லை. ஹாரிசன் பலமுறை அணியிலிருந்து நீக்கப்பட்டவர். பட்லர் கோழி வறுவல் கடையில் வேலை பார்த்தவர். இதைச் சொன்னபோது மேசையில் எல்லாரும் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தோம்.

சென்ற பொங்கலுக்கு அண்ணனுக்கு ஜோன்ஸின் பிடியை வாட்ஸப்பில் அனுப்பினேன். நான்கைந்து முறை பார்த்திருப்பார் போல. "பிடித்ததைவிடப் பெரிது, அவன் திரும்பிப் பார்த்தது பாப்பா. தன் ஆளை விட்டுவிட்டுப் போக மனம் துணிய வேண்டும்" என்றார். பெருமையோடு எதிர்வீட்டில் போய்ச் சொன்னேன். இப்போது எண்பதை நெருங்கிய அவர், "ஹாரிசனையும் உன் அண்ணனுக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன்.

அண்ணனின் பதில் மறுநாள் வந்தது. "நூறு கெஜம் ஓடியதை விடு. பாய்கிறவன் மாதிரி காட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றான் பார், மூலையில் நிற்கிறவனுக்கு அதுதான் தெரிய வேண்டும். இவன்தான் பெரியவன்."

எதிர்வீட்டுக்காரருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். எழுந்து உள்ளே போனவர், மடித்த மஞ்சள் துண்டு ஒன்றைக் கொண்டு வந்து, அண்ணனுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தார். அனுப்பிவிட்டேன். ஜோன்ஸ் விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை.